பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நல்ல ஊர்

— மெதுவாப் பேசு ரெய்னோ. அப்பா சவுனாக்குள்ளதான் ஆவிக் குளியல் குளிக்கிறாரு. நடுவுல இருக்கிறது வெறும் பலகைச் சுவரு.

— அதெல்லாம் விடுக்கா. சூட்டுக் கல்லு மேல தண்ணிய ஊத்தி ஊத்தி உஸ்ஸுன்னு ஒரே சத்தம், அவருக்கு ஒண்ணும் கேக்காது. நீ விஷயத்துக்கு வா. கூரையில பனி தள்ளப் போயி விழுந்தாரு. இப்போ வீட்ட விக்கப் போறேன், சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்கன்னு சொல்லியிருக்காரு. எதுக்குன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

— தெரியுது. யாரு வீட்டுக்கு வர்றதுன்னு கேக்கப் போறாரு.

— அதான். டெட்ராய்ட் பக்கம் உன் வீடுதான் அவருக்குத் தோது.

— என்ன சொன்ன?

— ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. பனி கொட்டினாலும் கணுக்காலத் தாண்டாது, அதையும் நகராட்சிக்காரனே வழிச்சு விட்டுடுவான். வயசானவங்க இருக்கிறதுக்கு, நம்ம மிச்சிகன ரெண்டாப் பிரிக்கிற அந்தப் பாலத்துக்குத் தெக்க மாதிரி வருமா?

— இது நீதான் பேசுறியா? பாலத்துக்குத் தெக்க இருக்கிறவன் எல்லாம், கதையில வர்ற மாதிரி, பாலத்துக்கடியில கெடக்கிற பூதம்னு சொன்னவன்டா நீ. என் கல்யாணத்துலயே கிளாஸக் கையில பிடிச்சிக்கிட்டு எழுந்து நின்னு, எங்கக்கா ஒரு பூதத்தக் கட்டிக்கிட்டான்னு சொன்ன. என் மாமியாரு சாகுற வரைக்கும் அத மறக்கல.

— கேலிக்குச் சொன்னதுக்கா.

— போன தேங்க்ஸ்கிவிங் விருந்துலயும் சொன்ன. தெக்கத்திக்காரனுக்கு விறகு பொளக்கத் தெரியாது, கூடப் பொறந்தவன் வந்து நின்னாலும் சங்கிலியப் போட்டுக்கிட்டுத்தான் கதவத் திறப்பான்னு.

— திறக்கத்தானே செய்றான்? ஊருன்னா முன்னப் பின்ன இருக்கும்.

— சொல்றேன் கேளு. அப்பாவுக்கு எங்க ஊரு ஒத்து வராது. பக்கத்து வீட்டுக்காரன் பேரு எனக்கே தெரியாது. உங்க இஷ்பெமிங்ல ரொட்டி வாங்கப் போனா, நாலு பேராவது நின்னு நலம் விசாரிப்பாங்க. ஏரிக்காத்து, காடு, நல்ல தண்ணி. மனுஷன் இருக்கிற இடம்னா வடக்கதான்.

— அடேயப்பா. கரடியும் கொசுவும் குடியிருக்கிற இடத்துல மனுஷி இருப்பாளான்னு கேட்டுட்டுப் பள்ளிக்கூடம் முடிச்ச கையோட பெட்டியக் கட்டினது யாரு? மே மாசம் வரைக்கும் பனி, பீர் குடிக்கிறத விட்டா வேற பொழைப்பில்லன்னு உன் புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தது யாரு?

— உள்ளதத்தான் சொன்னேன்.

— அந்த ஊருக்குத்தான் இப்போ அப்பாவ அனுப்புற.

— அனுப்பலடா. அவரு பொறந்து வளந்து இப்பவும் இருக்கிற பக்கம். இருந்துட்டுப் போகட்டுங்கிறேன்.

— இருந்துட்டுப் போகட்டும்னு வாயால சொல்லிட்டு நீ காரேறிடுவ. வருஷா வருஷம் வந்து இந்தக் கூரையில பனி தள்ளினது யாரு, உன் வீட்டுக்காரரா?

— இந்த வருஷம் நீ வரல. அதனாலதான் அவரே ஏணியப் போட்டாரு.

— சொல்லிட்டல்ல.

— சொல்லியிருக்கக் கூடாது.

— புயல்ல ரோட்ட மூடிட்டான், நான் பறந்தா வர முடியும்? நீ கிறிஸ்துமஸுக்கு வந்தியா? பாலத்துல காத்து பலமா அடிக்குது, கார் ஓட்ட பயமா இருக்குன்னு போன்ல சொல்லி முடிச்சிட்ட. உனக்கு மட்டும் அந்தப் பாலத்துல எந்நாளும் காத்துதான்.

— என் கஷ்டம் உனக்குத் தெரியாது. எங்க வீட்ல எல்லாமே மாடியில. அவரு முட்டிக்கு ஏற முடியாது. சனிக்கிழமை சவுனா இல்லாம அவருக்குத் தூக்கம் வருமா?

— கொல்லையில ஒண்ணு கட்டிக் குடு.

— எங்க குடியிருப்புச் சங்கத்துல கோழிக்கூண்டு வைக்கவே விட மாட்டாங்க.

— அதான் சொல்றேன், அது ஒரு ஊரான்னு.

— இப்பத்தான் அதப்போல ஊரே இல்லேன்ன.

— எனக்கு எரிச்சலா வருதுக்கா. உண்மையச் சொல்லிடறேன். எனக்கும் எம் பொண்டாட்டி டார்லினுக்கும் நடுவுல இப்பத்தான் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுற நிலைமை வந்திருக்கு. அவரு வந்து உக்காந்தா மறுபடி எல்லாம் ஒடஞ்சிடும். போதுமா?

— அப்போ ஊரு காரணமில்ல.

— உனக்கு மட்டும் மாடிப்படியா காரணம்?

— இல்ல. அவரோட பேச எங்கிட்ட ஒண்ணுமே இல்லடா. அம்மா போனதுலேருந்து, அங்க பனி எப்படின்னு கேப்பேன், சொல்லுவாரு, போன வெச்சிடுவோம். அவ்வளவுதான் எங்க பேச்சு. தினம் அவரு எதிர்ல உக்காந்து நான் என்ன செய்வேன்? பயமா இருக்கு.

— அக்கா.

— என்ன?

— தண்ணி ஊத்துற சத்தம் எப்போ நின்னுச்சு?

— அப்பா? உள்ள நல்லா இருக்கீங்களா?

— நல்லாத்தான் இருக்கேன் ஐலி. அந்தத் துண்ட எடு.

— கேட்டுச்சாப்பா?

— சரிதான். சவுனாக்குள்ள சண்ட போடக் கூடாது, சர்ச்சுல இருக்கிற மாதிரி இருக்கணும்னு சொல்லிக் குடுத்து வளத்தேன். வெளியில உக்காந்துதான போட்டீங்க. தப்பில்ல.

— நாங்க ஏதோ கோவத்துல பேசிட்டோம்பா.

— இத்தன வருஷமா நீங்க ஒருத்தர் ஊர ஒருத்தர் திட்டித்தான் கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் புகழ்ந்து கேக்கறேன். சரிதான்.

— எங்க வீட்டுக்கே வந்துடுங்கப்பா. கீழ ஒரு ரூம ஒழிச்சுத் தரேன்.

— அவ்வளவு தூரம் எதுக்குப்பா? எங்கூட வாங்க, டார்லின்கிட்ட நான் பேசிக்கிறேன்.

— ரெண்டு பேரும் உக்காருங்க. நான் அதுக்குக் கூப்பிடல. அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரு. அவரப் பாக்க அவரு தங்கச்சி பக்கத்து மாநிலம் விஸ்கான்சின்லேருந்து வருவா. ஹில்மான்னு பேரு. புருஷன் போயி ரொம்ப நாளாச்சு. எனக்கும் சேத்து சூப் கொண்டு வருவா. கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே வந்து இருங்கன்னு சொல்றா.

— விஸ்கான்சினா? தலையில பாலாடைக்கட்டி மாதிரி தொப்பியக் கவுத்துக்கிட்டு ஃபுட்பால் பாக்கப் போறவனுங்க ஊருக்கா?

— தம்பி சொல்றது சரிதாம்பா. நம்ம மிச்சிகன விட்டுட்டு அங்க போயி யாராவது குடியிருப்பாங்களா?

— ஹில்மாவும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. உங்க புள்ளைங்க உங்கள விட்டுக் குடுப்பாங்களான்னு. அதக் கேட்டுச் சொல்லத்தான் உங்கள வரச் சொன்னேன். இனிமே கேக்க வேண்டியதில்ல.