நீலாம்புஜம் பேசிய மூன்றாவது ரீல்

“மத்தியானமா? மத்தியானத்துல என்னப்பா பேயி வரும்? கதைய மாத்து.”

“பேயின்னு நான் எப்பச் சொன்னேன்? மூணு மணி. மண்டையப் பொளக்குற வெயிலு. அதத்தான சொல்ல வாரேன், விட்டாத்தான?”

“நீங்க சும்மா இருங்கண்ணே. பயமா இருந்தா வேனுக்குள்ள போயிப் படுங்க.”

“யாருக்கு, எனக்கா? போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்து வச்சிருக்கது யாரு?”

மழையால் படப்பிடிப்பு நின்றுபோயிருந்தது. ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டார்கள். படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த அந்தப் பெரிய வீட்டின் உள்முற்றத்துத் தாழ்வாரத்தில், லைட் பெட்டிகளின் மேல், மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வேன் ஓட்டும் செம்மலை. நடிகர்களின் உடுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வீரலட்சுமி. கதை சொல்ல வந்தவன் லைட்மேன் அருள்பாண்டி.

“என் கூடப் படிச்ச ஃபெலிக்ஸோட அக்காவுக்கு நடந்தது. ஆஷ்லின் அக்கா. காது கேக்காது, வாயும் பேசாது. நடந்தத எல்லாம் நோட்டுல எழுதிக் காட்டுச்சு. அதுல இருந்தபடிதான் சொல்லுறேன். ஒரு பேரு மட்டும் சொல்ல மாட்டேன். கேக்காதீக.”

செம்மலை பெட்டியை இன்னும் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

மே மாதம். கீழச்சிவல்பட்டிக்குப் போகும் சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. தார் இளகி டயரில் ஒட்டியது. ஃபெலிக்ஸ் வண்டியை ஓட்ட, ஆஷ்லின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் பேசிக்கொண்டே போகிறான் என்பது அவன் முதுகில் வைத்த கையில் தெரிந்தது. முதுகு அதிர்ந்துகொண்டே இருந்தது.

நாலு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோனது. அதற்குள் பேச்சு வந்துவிட்டிருந்ததால் பேசத்தான் செய்தாள், பதினோரு வயது வரை. ஒருநாள் வகுப்பில் பாடம் வாசித்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தால் எல்லா வாய்களும் சிரித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு மூடிய வாய். இப்போது இருபத்தொன்பது வயது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, போன், சண்டை... எல்லாவற்றிலும் அவளுக்கும் சேர்த்து ஃபெலிக்ஸ்தான் பேசினான். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். அது அவனிடம் இருந்தது. மாதா கோயில் பாடல் குழுவில் முதல் வரிசையில் நிற்பவன் அவன்.

ஆனால் உதடுகளைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பேருந்தின் அடுத்த முனையில் நடக்கும் புருசன் பெண்டாட்டிச் சண்டையைக்கூட ஒரு சொல் விடாமல் படித்துவிடுவாள்.

அதற்காகத்தான் ஃபெலிக்ஸ் அவளைக் கூட்டிப்போனான். பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது அவன் வேலை. ஒரு வீட்டின் பரணில் மூன்று தகரப் பெட்டிகள் கிடைத்திருந்தன. மிஸ் நீலாம்புஜம் நடித்த ஊமைப்படம். எட்டுப் படம் நடித்தவள். இருபத்து மூன்று வயதில் அந்த ஊர்க்காரர் ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வீட்டில்தான் வைத்தார். அதன்பிறகு அவள் முகத்தை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று, அவள் படங்களை எங்கெங்கிருந்தோ தேடி வாங்கி முற்றத்தில் போட்டு எரித்தாராம். மூன்று பெட்டி மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. சினிமா பேச ஆரம்பித்தபோது அவள் வெளியே வரவில்லை. அவள் குரல் எப்படி இருந்தது என்று சொல்ல இன்றைக்கு ஒருத்தர் இல்லை.

அந்தக் காலத்துப் பிலிம் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளும். மே மாத வெயிலில் அதை வண்டியில் ஏற்ற முடியாது. அதனால் அங்கேயே வைத்துப் படம் பிடிக்க வேண்டும். வீட்டிலேயே குளிர்ந்த, இருண்ட அறையாகப் பார்த்து ஃபெலிக்ஸ் பெட்டிகளை இறக்கினான்.

வீட்டைக் காவல் காக்கும் பெரியகருப்பனுக்கு அது பிடிக்கவில்லை.

“இது படைப்பு அறை தம்பி. வீட்டுக்காரவுக எல்லாரும் வந்து கூடுறப்பத்தான் இதத் தொறக்கிறது. செத்துப்போன ஒவ்வொருத்தருக்கும் புதுச் சேலை, புது வேட்டி வச்சு, எலை போட்டு, பேரச் சொல்லிக் கூப்பிடுவாக. வந்து சாப்பிட்டுப் போயிருவாக. எலை போடாம இங்குட்டு யாரு பேரையும் சொல்லிறக் கூடாது.”

“நாங்க படம் புடிக்க வந்தோம்ண்ணே. பந்திக்கு வரல.”

“வெளையாட்டு இல்ல தம்பி.”

“சரி, அந்த நீலாம்புஜத்துக்கும் எலை உண்டா?”

“அது சினிமாவுக்கு வச்ச பேரு. பெத்தவுக வச்ச பேரு இங்க யாருக்குத் தெரியும்? கட்டிக்கிட்டு வந்தவுகளா இருந்தா எலை போட்டுருப்பாக. கூட்டிக்கிட்டு வந்ததுதான.”

இதையெல்லாம் ஆஷ்லின் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துப் படித்துக்கொண்டாள்.

“ஏப்பா,” என்றார் செம்மலை. “இந்த வீட்டுலயும் அப்படி ஒரு ரூம்பு இருக்குமோ?”

“உங்க முதுகுக்குப் பின்னாடி பூட்டியிருக்கே, அது என்னவாம்?” என்றாள் வீரலட்சுமி.

செம்மலை எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

தகரப் பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாசம் வந்தது. பிலிமிலேயே கற்பூரம் சேர்த்திருப்பார்கள் என்றான் ஃபெலிக்ஸ். அவன் ரீலைக் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு படமாகக் கேமராவில் பிடித்தான். பிடித்தது லேப்டாப்பில் ஓடியது. ஆஷ்லின் உதடுகளைப் படித்துப் பென்சிலால் எழுதினாள். அவள் எழுத எழுத, ஃபெலிக்ஸ் அதைச் சத்தமாக வாசித்துப் போனில் பதிவு செய்தான். எந்த நொடியில் எந்தச் சொல் என்று பிற்பாடு பொருத்துவதற்கு அதுதான் சுலபம்.

முதல் இரண்டு ரீலில் ஒரே சிரிப்பு. கிணற்றடியில் கதாநாயகன் அவள் கையைப் பிடிக்கிறான். நீலாம்புஜம் கண் நிறையக் காதலோடு சொல்கிறாள்: “வெத்தல நாத்தம் தாங்கல, கிட்ட வராதீக.” பிரிந்து அழும் காட்சியில், “கால் சுடுது, எம்புட்டு நேரம்யா எடுப்பீக?” யாருக்கும் கேட்காது என்ற தைரியம். ஆஷ்லின் குலுங்கிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகே விஷயம் தெரிந்து சிரிப்பது அவளுக்குப் பழக்கம். வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் சிரித்து முடித்த பிறகு தம்பி சிரித்தான்.

மூன்றாவது ரீல். மூன்று மணி.

கிணறு. வெயில். நீலாம்புஜம் மட்டும் தனியாக நிற்கிறாள். மெல்லத் திரும்பி நேராகப் பார்க்கிறாள். உதடுகள் நிதானமாக அசைகின்றன. நடிக்கிறவள் பேச்சு மாதிரி இல்லை. புரியாத ஆளுக்குப் புரிய வைப்பதைப்போல, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து...

“ஏந் தங்கச்சி... நீதான் எழுதுறியா?”

ஆஷ்லின் கை எழுதியது. பழக்கம். பார்த்ததை எழுதுவது, அவ்வளவுதான். ஃபெலிக்ஸ் வாசித்தான். கேமராக்காரன் பக்கத்தில் யாரோ கதை எழுதும் பெண் இருந்திருப்பாள் என்று நினைத்திருப்பான்.

“என் பேர எழுதிக்க.”

எழுதினாள். அவன் வாசித்தான்.

அடுத்து ஒரு பேர். ஊரில் சாதாரணமாக வைக்கிற பேர்தான். பென்சில் அதை எழுதி முடித்த பிறகுதான் காவல்காரர் சொன்னது ஆஷ்லினுக்கு நினைவு வந்தது. தலையைத் தூக்கினாள். தம்பியின் உதடுகள் அந்தப் பேரைச் சொல்லி முடித்து மூடிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அவள் பாதங்கள் வெறும் தரையில் இருந்தன. தரை குளிர்ந்திருந்தது. அந்தத் தரையில்... எங்கோ வெளிக்கட்டில்... ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. கனத்த காப்புப் போட்ட கால் ஊன்றி நடப்பதைப்போல, உள்ளங்கால் வழியாக முழங்கால் வரை ஏறியது. முற்றத்தைத் தாண்டியது. நடையைத் தாண்டியது. அறை வாசலில் நின்றது.

அவள் தம்பியின் கையைப் பிடித்து வாசலைக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். காதைக் காட்டி, கையை விரித்தான். ஒன்றுமே கேட்கவில்லையாம்.

கற்பூர வாசம் மூக்கில் ஏறியது. லேப்டாப்பில் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. கிணறு இருந்தது. வெயில் இருந்தது. கிணற்றடியில் யாரும் இல்லை. ஃபெலிக்ஸ் முதல் ரீலைப் போட்டான். கதாநாயகன் வெறும் காற்றின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஃபெலிக்ஸ் அவளிடம் ஏதோ சொன்னான். “வா, போயிருவோம்.” உதட்டில் தெளிவாக இருந்தது. ஆனால் சொன்ன அவனே தொண்டையைப் பிடித்துக்கொண்டான். மறுபடி சொன்னான். கத்தினான், கழுத்து நரம்பு புடைக்க. அவள் அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

அதிர்வே இல்லை.

“கொஞ்சம் நில்லுப்பா,” என்றாள் வீரலட்சுமி. “இப்ப அந்தப் பையன் எப்படி இருக்கான்?”

“கேளு. இன்னும் இருக்கு.”

மதுரையில் பெரிய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். காரைக்குடி வீட்டில் அம்மா செபஸ்தியம்மாள் ஒன்பது நாள் ஜெபம் சொன்னார். ஒன்பதாம் நாள் மகனின் குரலையாவது கேட்கலாமே என்று அந்தப் பதிவைப் போனில் போட்டார். ஆஷ்லின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அம்மாவின் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. அந்தப் பேரோடு முடிய வேண்டிய பதிவு முடியவில்லை. இன்னும் பதினோரு நிமிடம், அவன் குரலிலேயே, ஓடியது. அந்தப் பதினோரு நிமிடத்துக்கு ஆஷ்லின் ஒரு வரிகூட எழுதவில்லை.

என்ன சொல்கிறான் என்று அவள் கையால் கேட்டாள். செபஸ்தியம்மாள் பதில் சொல்லத்தான் போனார். சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், வாயை மகள் படித்துவிடக் கூடாது என்று.

பெரியகருப்பன் தன்னால் ஆனதைச் செய்தார். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் அறையைத் திறந்து, இலை போட்டு, அரக்குச் சேலை ஒன்று வைத்துக் கும்பிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் சோறு அப்படியே இருந்தது. சேலை மட்டும் மடிப்புக் கலைந்து கிடந்தது, யாரோ மேலே வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போட்டதைப்போல.

ஃபெலிக்ஸ் இப்போது பாடல் குழுவுக்குப் போவதில்லை. பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறான். அடுப்படிக்கு, வாசலுக்கு, அடுப்படிக்கு. தண்ணீர் கேட்டாலும் ஆஷ்லின்தான் அவன் உதட்டைப் படித்துக் கொடுக்கிறாள்.

போன வாரம். விடிகிற நேரம். ஃபெலிக்ஸ் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. ஆஷ்லின் போர்வையை இழுத்துவிடக் குனிந்தாள்.

அவன் உதடுகள் அசைந்தன.

கண் மூடியே இருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் நன்றாகத் திறந்து திறந்து மூடியது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. தம்பி அப்படிப் பேசுகிறவன் இல்லை. அவன் வார்த்தைகளை விழுங்குகிறவன்.

“பயப்படாத தங்கச்சி. இந்தப் பயலக் கொண்டுபோக நான் வரல. கூப்பிட்டான், வந்தேன். இவன் சத்தத்தப் போட்டுப் பாத்தேன். எனக்குப் பொருந்தல. ஆம்பளச் சத்தம், தொளதொளன்னு கெடக்கு.”

ஆஷ்லின் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“ஒன்னோடது உடுத்தாமக் கெடக்கே, பதினெட்டு வருசமா. அப்படியே புதுசா இருக்கும். இவனோடத இவங்கிட்டயே திருப்பிக் குடுத்துருறேன்.”

உதடுகள் நின்றன. காத்திருந்தன. மறுபடி திறந்தன.

“ஒரே ஒரு தடவ... வாயத் தொறந்து என்னப் பேரு சொல்லிக் கூப்பிடு தங்கச்சி.”