போனில் இருந்த அக்கா

திருமங்கலத்தில் ஏறினேன், காளவாசல் போற பஸ்ஸு. எனக்கு முன் சீட்டில் ரெண்டு பெண்கள், மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்களோட.

“நான் செத்தப்புறமும் போன்ல பேசுவேன். பயந்துறாத,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க?”

“உன்னைய மாதிரி மார்லதான் எனக்கும் கேன்சர் வந்துச்சு. இப்ப எலும்புக்கும் போயிருச்சு. டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு பேசிப் பதிஞ்சு உன் போனுக்கு அனுப்பிருக்கேன், போட்டுக் கேளு.”

“நீங்களே கூட வந்து கேட்டுருங்கக்கா.”

“எம்புட்டு நாளைக்கு வருவேன்?”

இளையவர் போனை அழுத்தினார். “சும்மா தலையாட்டிட்டு வந்துறாத. புரியலைன்னா திரும்பக் கேளுடி.” அதே குரல். பக்கத்தில் மூத்தவர் வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, பயமா இருக்கு. நீங்க பேசுங்க.”

அவர் திரும்பாமலே போனை விரலால் தட்டிக் காட்டினார்.

இளையவர் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, போனைப் பார்த்து, “சரிக்கா, நானே கேக்குறேன்,” என்றார்.