மூடியில் வைத்த சந்தனப் பொட்டு

பழைய கார் வைத்திருப்பவனுக்குப் பொறுமை வேண்டும் சார். எனக்கு அது நிறையவே உண்டு. என்னுடையது பதினெட்டு வருஷத்து வண்டி. பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்தால் ஸ்டியரிங் மாடு மாதிரி முரண்டு பிடிக்கும். என் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. என் மனைவி வெங்கடேஸ்வரியின் கைக்குத்தான் ஆகாது.

அவள் கார் ஓட்டக் கற்றதே பெரிய கூத்து. கிருஷ்ணன்கோவிலில் அவளோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் ஸ்வீட்லின்தான் வாத்தியார். கற்ற கையோடு, இருவரும் ராஜபாளையத்திலிருந்து தினமும் என் வண்டியிலேயே பள்ளிக்குப் போய்வரத் தொடங்கினார்கள். விமானம் ஓட்டுகிற மாதிரி முகத்தில் ஒரு களை வேறு. முன்பெல்லாம், "என்னங்க, அய்யனார் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறீகளா?" என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்பாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்றாள். அவ்வளவுதான் எனக்கு மரியாதை. குடும்பத்தில் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

ஒரு சிரிஞ்சு, ஒரு காலி ஊறுகாய் பாட்டில். வேறெதுவும் தேவைப்படவில்லை. பானெட்டைத் திறந்து, டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி எடுத்தேன். மறுநாள் அவளால் வண்டியைத் தெருமுனையில்கூடத் திருப்ப முடியவில்லை. பஸ்ஸில் போனாள்.

மெக்கானிக் ஜோவைப் பார்க்கத்தான் வேடிக்கையாக இருந்தது. ஆயில் ஊற்றினான், நான் எடுத்தேன். ஹோஸை மாற்றினான், பெல்ட்டை இறுக்கினான். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து ஒழுகலைத் தேடினான். அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

"ஆயில் எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல சார். பம்பைக் கழத்திப் பாத்துருவமா?"

பார் என்றேன். கெட்டிக்காரன் என்று ஊரே இவனைத்தான் கொண்டாடுகிறது.

பம்பைப் பிரித்து மாட்டியபின் ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. ஆயுத பூஜை வந்தது. வெங்கடேஸ்வரி வண்டியைக் கழுவி, சக்கரத்திலிருந்து பேட்டரிவரை சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தாள். ஆயில் மூடிக்கும் பொட்டு வைக்கும் ஒரே பிறவி அவளாகத்தான் இருக்கும். நான் சிரித்தேன்.

"சிரிக்காதீக. நம்மளப் பாடாப் படுத்துறது இதுதான" என்றாள்.

அந்த வாரமே மறுபடி எடுத்தேன். இந்த முறை கொஞ்சமாக. தெருவிலேயே இறுகினால் ஜோவிடம் போய் நிற்பாள். நடுவழியில் இறுகினால்தான் பயம் வரும். பயம் வந்தால் சாவி தானாக என் கைக்கு வந்துவிடும்.

கிருஷ்ணன்கோவிலில் வலதுபக்கம் திரும்பும்போது இறுகியிருக்கிறது. வண்டி பாதியில் ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. எதிரே வந்த லாரி இடதுபக்கம் மோதியது. அந்தப் பக்கம் ஸ்வீட்லின் உட்கார்ந்திருந்தாள். அடக்கத்துக்கு நான் பெரிய மாலையாக வாங்கிப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் நல்ல வெயில்.

வெங்கடேஸ்வரிக்குத் தோள் எலும்பு உடைந்தது. பார்க்க வந்த ஜோவிடம் அவள், "மூடில வச்ச பொட்டு அப்படியே இருக்கான்னு பாருங்க" என்றாளாம். மூடிக்கும் டப்பாவுக்கும் சேர்த்து ஒரே பொட்டாக வைத்திருக்கிறாள். இப்போது அது பிளந்து, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமும் நிற்கிறது என்கிறீர்கள். பூஜைக்குப் பிறகு ஜோ மூடியைத் தொடவே இல்லை என்றும் சொல்கிறீர்கள்.

எனக்குச் சந்தனம் குங்குமத்தில் நம்பிக்கை கிடையாது. அதனால் கவனிக்கவில்லை. அவள் சந்தேகப்பட்டுத்தான் அப்படி வைத்தாள் என்று நீங்கள் நினைப்பது தப்பு. அவளுக்கு அவ்வளவு மூளை இல்லை சார். கூடவே வாழ்ந்தவன் சொல்கிறேன்.

ஆமாம், ஆயிலை எடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிட்டால் நல்லது. இன்று அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. கூட்டிப்போக நான் வருவேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.