செருமாத குரல்

காப்பி வேண்டாம் ஐயா. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு குவளை இருந்தால் போதும், கை பொறுக்கிற சூட்டில். காப்பி தொண்டையை வறட்டிவிடும். நீங்கள்கூடக் கேள்வி கேட்குமுன் ஒருமுறை செருமினீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருந்தால் எச்சிலை ஒரு மிடறு விழுங்க வேண்டும். அடங்காவிட்டால் இன்னொரு மிடறு. செருமும்போது உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு இரண்டும் ஒன்றை ஒன்று அறைந்துகொள்கின்றன. பட்டுத்துணியைக் கல்லில் அறைந்து துவைத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அப்படித்தான்.

விசாரணையில் கேட்டதற்கு வருகிறேன். வழியில் இதெல்லாம் இருக்கிறது.

நான் கூவிப் பிழைத்தவன். மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் அப்பாசாமி என்றால் முகம் நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். குரலைச் சொன்னால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். அப்பா ஜவுளித் தரகர். பேரம் நடக்கிற இடத்தில்தான் எனக்குப் பல் முளைத்தது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் இருபது வருஷம் அப்துல் சமது முதலாளியின் துணிக்கடை வாசலில் நின்று கூவினேன். கைலி வாங்க வந்தவனைச் சேலையும் வாங்க வைத்து அனுப்புகிற குரல் என்று முதலாளியே சொல்லுவார். அவர் கூலி கொடுப்பதில் சிக்கனம், புகழ்ச்சியில் தாராளம்.

மலாக்கா பாசாரில் ஒரு வழக்கம் உண்டு, நீங்கள் வெளியூர், தெரிந்திருக்காது. விலை சொல்லுமுன் வியாபாரி செருமினால் அது பொய் விலை. வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டு பாதிக்குக் கேட்பார். வேண்டுமென்று யாரும் செருமுவதில்லை; பொய் வெளியே வரும்போது தொண்டையில் இடிக்கும் போலிருக்கிறது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோருக்கும் இது தெரியும். ஆகவே பிழைக்கத் தெரிந்த வியாபாரி செருமமாட்டான். நான் என் வாழ்நாளில் செருமியது மிகக் குறைவு. அதைப் பிறகு சொல்கிறேன்.

குரலை நான் வைத்துக் காப்பாற்றிய மாதிரி சிலர் பெண்டாட்டியைக்கூட வைத்துக் காப்பாற்றியிருக்கமாட்டார்கள். நானும் இல்லை. எழுந்ததும் ஒரு மணி நேரம் பேச்சுக் கிடையாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு. கூவப் போகுமுன் வாயில் அதிமதுரத் துண்டு. மிளகாய் இல்லை, சுருட்டு இல்லை, எதிர்க்காற்றில் கூவல் இல்லை. கிசுகிசுப்பது அறவே இல்லை. கத்துவதைவிட அது தொண்டைக்குக் கெடுதல், பலர் அறியமாட்டார்கள். வீட்டுச் சண்டையைக்கூட நடுத்தரமான குரலில்தான் போட்டேன். என் மனைவிக்குப் பொறுக்காமல் போனது அதுதான். கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். கடையில் துணி இல்லை, கூவ வேலை இல்லை. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது பண்டார் ஹிலிரில் இருந்த ஜப்பான்காரன் அலுவலகத்தில் உத்தரவுகளைத் தமிழிலும் மலாயிலும் தெருத்தெருவாகச் சொல்ல ஆள் தேடினார்கள். அங்கே துபாஷியாக இருந்த நடராஜன் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கையில் ஒரு தகரக் குழாய், சட்டைக்கையில் கட்ட ஒரு துணிப்பட்டை, மாதம் ஒரு பங்கு அரிசி. அரிசியைவிடப் பட்டைதான் பெரிது. அது கையில் இருந்தால் சயாம் காட்டில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு உங்களைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

கூவ இரண்டு பேரை வைத்தார்கள். காலையில் நான், மாலையில் கருணாகரன்.

கருணாகரன் என் பக்கத்து வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர். முன்பு மீன் பாசாரில் கூவிக்கொண்டிருந்தவன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிப்பான். சுருட்டுப் பிடிப்பான், மழையில் நனைவான், பக்கத்துத் தெருவில் போகிறவனை இங்கிருந்தே கூப்பிட்டு வம்பளப்பான். அத்தனைக்கும் பிறகு வாயைத் திறந்தால் கோயில் மணி. நான் காலையில் கொப்பளிக்கிற சத்தம் கேட்டதும் பலகைக்கு அந்தப் பக்கம் அவனும் வெறும் தண்ணீரை வாயில் வைத்துக் களகளவென்று எனக்கு மேலே சத்தம் போடுவான். பிறகு, “அண்ணே, குரலைக் குளிப்பாட்டி ஆச்சா? பவுடர் போட்டீங்களா?” என்பான். அவன் மனைவி கமலவேணி சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்கும். பலகைச் சுவர் அப்படி.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சயாமுக்கு ஆள் கேட்டார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், வீடு, மருந்து என்று கூவக் கொடுத்த தாளில் இருந்தது, அப்படியே கூவினோம். போனார்கள். மூன்று மாதம் ஐந்தாயிற்று. யாரும் வரவில்லை. பத்து பெரெண்டாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன ஒருவன் மட்டும் எப்படியோ தப்பி வந்து, இரண்டு நாள் உயிரோடிருந்து, கண்டதைச் சொல்லிவிட்டுப் போனான். கேட்டவர்களில் கருணாகரனும் ஒருவன்.

அதற்குப் பிறகு அவன் கூவியதில் ஒரு மாற்றம். அரிசிப் பங்கீடு, விளக்கணைப்பு, ஜப்பான்காரனுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்கிற உத்தரவு, இதெல்லாம் வழக்கம்போல. ஆள் பிடிக்கிற தாளாக இருந்தால் மட்டும் குழாயை வாயில் வைத்து முதலில் ஒரு செருமல். பாசார் தெரிந்த ஊர். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அவன் அடுத்த முடுக்குக்குப் போகுமுன் ஆண்கள் எல்லாம் பின்புறம் கித்தாத் தோட்டத்து ரப்பர் மரங்களுக்குள் போய்விடுவார்கள். ஆள் பிடிக்க லோரி வந்தால் கிழவர்களும் கோழிகளும்தான் இருக்கும்.

ஒருநாள் பலகையைத் தட்டிக் கூப்பிட்டான். “அண்ணே, காலையில உங்களுக்கும் அந்தத் தாளு வரும். ஒரு செருமு செருமிட்டுப் படிங்க. காசா பணமா?”

தொண்டைக்கு ஆகாது என்றேன்.

“உங்க தொண்டைக்குப் பாலூத்தி நான் கும்புடுறேன்ணே. ஒரு தடவைதானே.”

சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறை செருமவும் செய்தேன், குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு முறையும் ஊரில் ஒருவரும் அகப்படவில்லை. அதிலிருந்து அவன் செருமல் எப்படியோ அப்படியே என் செருமலும் ஊருக்கு. மறுநாள் எனக்குக் குரல் கரகரத்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு நடராஜன் என்னைத் தனியாக அழைத்தார். காஜா பெராங்கில் ஆள் கிடைக்கவில்லை என்று மேலே கோபமாக இருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து கூவ ஒருவர் போதும். மற்றவருடைய பட்டையை வாங்கிக்கொண்டு பேரை ரயில் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அவர் கெட்டவர் அல்ல, நாற்காலி கொடுத்து உட்கார வைத்துத்தான் சொன்னார். யார் கூவினால் கூட்டம் வருகிறது என்று பார்ப்பார்களாம். பேரத்தில் வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கமாகச் சொல்ல வேண்டாம். கருணாகரனிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து இப்படிப்பட்ட விஷயத்தைக் கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டும். கிசுகிசுப்பதில்லை என்பதை முதலிலேயே சொன்னேன்.

அந்த வாரம் ஒரு தாள் வந்தது. டவுனில் ஒரு மண்டபத்தில் இலவசப் படம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டின் அரிசி. மாலை ஐந்து மணி, தோக்கியோ நேரம். கருணாகரனுக்கு அன்று காய்ச்சல், அவன் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். தாளில் சயாம் என்கிற சொல்லே இல்லை, ஐயா. அது படத்துக்கான அறிவிப்பு. நான் அதைப் படித்தேன். நல்ல குரலில் படித்தேன், ஏற்ற இறக்கத்தோடு, டின் அரிசி வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி. என் தொண்டை அன்று துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இல்லாத சளியை எங்கிருந்து செருமுவது?

தெருவில் எல்லோரும் வேலையை நிறுத்திக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உரலில் உலக்கை நின்றது. எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். குழாயை வாயில் வைத்ததற்கும் முதல் சொல்லுக்கும் இடையில் ஒரு மூச்சு அளவுதான். அந்த மூச்சு முடிந்து குரல் சுத்தமாக வந்ததும் யாரோ ஒரு பெண் சிரித்தாள். சந்தோஷத்தில். படம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

எங்கள் வாசலுக்கு வந்தபோது கமலவேணி வெளியே நின்றிருந்தாள்.

“அண்ணே, அவரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. காய்ச்சல்ல காது அடைக்குதாம். நீங்க செருமினீங்களா, இல்லையான்னு.”

“உனக்கு எப்படிக் கேட்டுச்சு தங்கச்சி?”

“தெளிவாத்தான் கேட்டுச்சு.”

“பிறகென்ன.”

அவ்வளவுதான் பேச்சு. இதில் பொய் என்று ஒரு சொல்லை நீங்கள் எடுத்துக் காட்ட முடியாது. அவள் உள்ளே போய்ச் சொல்வது எனக்குக் கேட்டது. அப்பாசாமி அண்ணன் சொன்னால் சரி என்று அவன் எழுந்திருப்பதும் கேட்டது. காய்ச்சலோடு போக வேண்டாம் என்றாள். ஒரு டின் அரிசி, வேணி, என்றான். சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பட்டையைக் கட்டிக்கொள்ளவா என்று அவன் கேட்டதும், படம் பார்க்கத்தானே போறீங்க என்று அவள் சொன்னதும் கேட்டது. நான் உள்ளே போய் வெந்நீர் வைத்துக் கொப்பளித்தேன். காலையிலிருந்து நிறையக் கூவியிருந்தேன்.

மண்டபத்துக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியதும், படம் ஓடாததும், பின்புறம் லோரிகள் நின்றதும் உங்கள் தாள்களிலேயே இருக்கும். காஜா பெராங்கிலிருந்து மட்டும் நாற்பத்தொரு பேர். இவ்வளவு நாளாயிற்று, சண்டை முடிந்து ஜப்பான்காரனும் போய்விட்டான், ஒருவரும் வரவில்லை. பட்டை எனக்கு நிலைத்தது. நடராஜன் அரிசியோடு ஒரு பொட்டலம் அதிமதுரமும் கொடுத்தனுப்பினார், எங்கே பிடித்தாரோ.

அதன் பிறகும் இரண்டு வருஷம் கூவினேன். நான் தெருவில் நுழைந்தால் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். திட்டமாட்டார்கள், மண் வாரித் தூற்றமாட்டார்கள். முதல் வீட்டு அஞ்சலை ஒருமுறை செருமுவாள். அடுத்த வீட்டில் இன்னொருத்தி. தெருவின் கடைசி வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் அந்தச் சத்தம் என்கூடவே நடந்து வரும். நான் என்ன தாள் படித்தாலும் சரி. ஒருமுறை அம்மை ஊசி போடுகிறார்கள் என்று கூவினேன், உண்மையான ஊசி, ஒரு குழந்தையைக்கூடக் கொண்டுவரவில்லை.

கமலவேணி பிள்ளைகளோடு செமாபோக்கில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் வாசலில் நின்று, என் கழுத்தைப் பார்த்தாள். முகத்தை அல்ல. அந்தப் பாதி வீடு அன்றிலிருந்து காலி. பூட்டும் இல்லை, நானே போய்ப் பார்த்திருக்கிறேன், ஒரு பாய்கூட இல்லை. ஆனால் காலையில் நான் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றியதும் அந்தப் பக்கம் களகளவென்று சத்தம் வருகிறது. நான் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. பிறகு பவுடர் போட்டீங்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒரு செருமல். எலி என்பீர்கள். எலிக்குச் செருமத் தெரியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

எழுதுகிற கையை நிறுத்திவிட்டீர்கள். என் தொண்டை சுத்தமாக இருந்தது என்று சொன்ன இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. பேரத்தில் வளர்ந்தவன், எதிரில் இருப்பவர் எந்த விலையை நம்பவில்லை என்று தெரிந்துகொள்வேன். சரி, அந்த வரியை அடித்துவிடுங்கள். நானே சரியாகச் சொல்கிறேன்.

முந்தின நாள் மழை. அன்று காலையிலிருந்தே எனக்குச் சளி கட்டியிருந்தது. முதல் முடுக்கில் குழாயை வாயில் வைத்ததும் தொண்டைக்குள் அது தானாக ஏறி வந்து நின்றது. சும்மா விட்டிருந்தாலே செருமல் வந்திருக்கும், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எதிரில் நாற்பது ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

விழுங்கினேன். அடங்கவில்லை. இன்னொரு மிடறு விழுங்கினேன்.

இப்போதும் பாருங்கள், இவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன். குரலில் ஒரு கீறல் உண்டா?