பழுப்புக் கோடு

வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், மாப்பிள்ளை. உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். கை வெள்ளையாக வந்தால் காலம் வந்துவிட்டது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வாசலில் நின்று, என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துக் காட்டினீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. மூன்று மாதமாக இந்தக் கட்டிலில் கண்ணை இமைப்பதைத் தவிர நீங்கள் எதுவும் செய்வதில்லை. கை கால் அசைவதில்லை, பேச்சும் இல்லை. ஆனால் காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் வெளியே போயிருக்கிறாள். திரும்பி வர அரை மணி நேரமாவது ஆகும்.

என்னை முன்கோபக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. முப்பத்தோரு வருஷம் அலுவலகத்தில் அடுத்தவன் எழுதிய கோப்பைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. தப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன், திருத்துவேன், மூடி வைப்பேன். தொழிலை வைத்து ஆளை எடைபோடுகிறவனும் இல்லை நான். மகள் ஒரு பெயிண்டரைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

தப்பு என்னுடையது. உங்களை இந்த வீட்டுக்குள் வரவழைத்தவனே நான்தானே. பன்னிரண்டு நாள் வேலை என்றீர்கள். அது பதினாறு நாளாக இழுத்தது. பின்சுவருக்கு மட்டும் எதற்கு மூன்றாவது பூச்சு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டை நடத்தியவள் அவள்தான். என் மூக்குக் கண்ணாடி எங்கே என்று நான் தேடியதே கிடையாது. கை நீட்டினால் அவள் எடுத்துக் கொடுப்பாள். அவள் உங்களோடு போன அன்று நான் சட்டைப் பித்தானைத் தைக்க உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் அழுதேன். உங்கள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் இருந்ததா என்றால், இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். பிறகு சமாதானமாகி, வாராவாரம் அவள் வந்து போனாள். நீங்களும் கூட வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பீர்கள். நான் உங்களைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "பெயிண்டர் சாப்பிட்டாச்சா?" என்று அவளிடம்தான் கேட்பேன். நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"அப்பா, நாங்க வேற ஊருக்குப் போறோம். அவருக்கு அங்க பெரிய கட்டடத்துல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம்."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"அங்கயேதான்ப்பா."

நான் தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். நல்லது, சந்தோஷம் என்றேன். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது வெளிச்சுவரைப் பார்த்தேன். பூச்சு அங்கங்கே உப்பிக்கொண்டு நின்றது. மழைத் தண்ணீர் வழிந்த தடம் கறுத்துப்போயிருந்தது. ஆறு வருஷம் ஆகிவிட்டது, மறுபடி பெயிண்ட் அடிக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் இன்னொன்றும் உண்டு. மாடி ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட்டைக் காட்டி, "அடிப்பக்கத்துல பழுப்பா ஒரு கோடு தெரிஞ்சா அது மேல காலை வைக்கவே கூடாது சார். உள்ள கம்பி துருப்பிடிச்சு சிமெண்ட்டு வாயைப் பொளந்துட்டு இருக்கும்" என்றீர்கள். கோடு தெரியாவிட்டாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சுரண்டும் கத்தியைத் திருப்பி, அதன் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஏறுவீர்கள். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர். அந்த விஷயத்தில் உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தெருப்பக்கத்து மாடி ஜன்னலின் சன்ஷேட்டில் அந்தக் கோடு இருந்தது. ஒரு முழ நீளம். ஓர் ஓரத்தில் விரிசலும் விட்டிருந்தது. மாடி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாலே எட்டும். மூன்று மத்தியானம் உட்கார்ந்து வேலை செய்தேன். துருவைச் சுரண்டி எடுத்தேன். விரிசலுக்குள் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். போன தடவை மிச்சமான பெயிண்ட் டின் பரணில் இருந்தது, அதையே மேலே பூசினேன். புதிதாகப் பளிச்சென்று தெரிந்ததால், ஜன்னல் கட்டையில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியில் தொட்டு அதன்மேல் ஒற்றினேன். சின்ன வேலையானாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும். நீங்களே பார்த்திருந்தால் பாராட்டியிருப்பீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்தீர்கள். "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு ஒரு கை பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க, மாப்பிள்ளை" என்றேன். அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதாள். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றீர்கள். உதவிக்கு ஆள் வேண்டாம், என் மாமா வீட்டுக்கு நானே அடிக்கிறேன் என்றீர்கள்.

நான்காவது நாள் தெருப்பக்கச் சுவர். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஏணியில் ஏறி, அடியிலிருந்து சன்ஷேட்டைப் பார்த்தீர்கள். கோடு இல்லை. வழக்கம்போலக் கத்தியைத் திருப்பினீர்கள். நான் குரல் கொடுத்தேன்.

"அதெல்லாம் நான் முன்னாடியே தட்டிப் பாத்துட்டேன், மாப்பிள்ளை. பயப்படாம ஏறுங்க."

கீழே குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "சரிங்க மாமா" என்றீர்கள். கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினீர்கள். இரண்டு காலும் ஏறும்வரை அது தாங்கியது.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். பழைய வீடு, என்ன செய்வது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் பிழைப்பது சந்தேகம் என்றார்கள், பிழைத்துவிட்டீர்கள். அவள் உங்களை வேறு எங்கே கொண்டுபோவாள்? இங்கேதான் வந்தாள். பழைய அறையிலேயே தூங்குகிறாள். காலையில் என் கண்ணாடியைத் துடைத்து மேஜைமேல் வைக்கிறாள். முன்னைப்போலச் சிரிப்பதில்லை, பேச்சும் குறைவு. எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். உண்மையைச் சொன்னால் நீங்கள் இப்படியே படுத்திருப்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இருக்கவில்லை. உங்களைத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறேன், நகம் வெட்டிவிட்டிருக்கிறேன். சொந்தப் பிள்ளைகூடச் செய்ய மாட்டான்.

நேற்று அவள் அந்த எழுத்துப் பலகையைக் கொண்டு வந்திருக்க வேண்டாம்.

அவள் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைக்க, வேண்டிய இடத்தில் நீங்கள் இமைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. வியர்த்து வழிய நீங்கள் சொன்ன முதல் வார்த்தை அவள் பெயராக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். துரு என்று சொன்னீர்கள். மூன்று மாதம் கழித்து, கட்டிய பெண்டாட்டியிடம் சொல்வதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லையா உங்களுக்கு?

"துருவா? என்னப்பா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டாள்.

"கட்டில் காலைச் சொல்றாரு போலம்மா."

அவள் குனிந்து நான்கு காலையும் தடவிப் பார்த்தாள். துரு எங்கும் இல்லை. எழுந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்குப் பாவமாக இருந்தது, அவ்வளவு களைத்திருந்தாள்.

இன்று காலை கிளம்பும்போது, "அப்பா, அவருக்கு நீங்க எதுவும் குடுக்க வேணாம். தண்ணிகூட வேணாம். அவர் பக்கத்துலயே போக வேணாம், நான் சீக்கிரம் வந்துடறேன்" என்றாள். வயதான காலத்தில் அப்பாவுக்கு எதற்குச் சிரமம் என்று பார்க்கிறாள். அப்புறம் தெருவில் போய் நின்று, மாடி ஜன்னலுக்கு மேலே ஒடிந்த இடத்தையே வெகு நேரம் அண்ணாந்து பார்த்தாள். போனில் படம் எடுத்தாள். யாரிடமோ பேசிக்கொண்டே வேகமாக நடந்தாள். பாதியில் நின்றுபோன சுவர் அவள் கண்ணையும் உறுத்துகிறது. என் மகள் அல்லவா.

உங்களுக்குத் தண்ணீரை அப்படியே கொடுக்கக் கூடாது, கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும், புரை ஏறினால் உங்களால் இரும முடியாது என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இது வெறும் தண்ணீர்தான். என் கையால்தான் தருகிறேன். அவள் இனியாவது நிம்மதியாக இருக்க வேண்டாமா?

இமையை அப்படிப் படபடவென்று அடிக்காதீர்கள். பலகையை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டேன்.

பாதி டம்ளர் போய்விட்டது. வாசலில் வண்டி வந்து நிற்கிறது. அவள் குரல் கேட்கிறது, கூட இரண்டு மூன்று ஆண் குரல்களும். நான் சொல்லாமலே ஆள் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள் பாருங்கள், பெயிண்டர்களாகத்தான் இருக்கும்.