விசிலுக்குப் பிறகு

ஹுமாயூன்: இழுடா... இன்னும் இழு. நூலு தொங்கிகினு கீது பாரு.

வால்டர்: இதுக்கு மேல இஸ்தா கித்தான் கிழிஞ்சிரும். நீ அந்தாண்ட முனையப் புடி.

ஹுமாயூன்: புடிச்சிகினுதான் கீறேன். காலேஜ் குஸ்தி டீமுக்கு கேப்டனுன்னு பேரு. காலாங்காத்தால குந்திகினு கோணி ஊசில மெத்த தைக்கறேன். எங்கம்மா பாத்தாங்கன்னா பூரிச்சிப் போவாங்க.

வால்டர்: புது மெத்த கேட்டியே, இன்னா சொன்னாங்க?

ஹுமாயூன்: ஷீல்டு கொண்டா, மெத்த தரோம்னாங்க. மெத்த இருந்தாதான் ஷீல்டே வரும்னேன். கதவு அங்க கீது தம்பின்னாங்க.

வால்டர்: அப்ப தையி.

ஹுமாயூன்: உள்ள நாரு பூரா கட்டி கட்டியா கீதுடா. அன்னிக்கு ரஷீத தூக்கிப் போட்டேன். சிமிட்டி தரைல வுழுந்த மாதிரி கீதுன்னு ஒரே அழுவாச்சி.

வால்டர்: ரஷீது பூ மேல போட்டாலும் அழுவான். அவன மொதல்ல வுழத் தெரிஞ்சிக்கச் சொல்லு. முதுவு பூரா ஒரே நேரத்துல தரையத் தொடணும்...

ஹுமாயூன்: ம்.

வால்டர்: இன்னா ம்?

ஹுமாயூன்: இவ்ளோ தெரியுதில்ல? நீயே வந்து கத்துக்குடு.

வால்டர்: மெத்த தைக்கக் கூப்ட்ட, வந்தேன். தைச்சிட்டு பூடுவேன். அவ்ளோதான் பேச்சு.

ஹுமாயூன்: சீசன் ஆரம்பிக்கப் போவுது மாமு. எழுபத்திநாலு கிலோவுக்கு என்னாண்ட ஆளு இல்ல.

வால்டர்: பி.யு.சி. பையன் லியோனார்ட்டு கீறான்ல?

ஹுமாயூன்: அவனா? ஈரத் துணியோட தராசுல ஏறனாக்கூட அறுபது தாண்டமாட்டான்.

வால்டர்: வாழப்பழம் வாங்கிக் குடு.

ஹுமாயூன்: டேய், நான் மெய்யாலுமே கேக்கறேன்...

வால்டர்: நானும் மெய்யாலுமே சொல்றேன். பி.டி. மாஸ்டரு என்னிய சேத்துக்கமாட்டாரு.

ஹுமாயூன்: சேத்துக்குவாரு. நான் பேசிட்டேன். எல்லார் எதிர்லயும் நின்னு, போன வருசம் பண்ணது தப்பு, இனிமே பண்ணமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணும். முடிஞ்சிது.

வால்டர்: சொல்லமாட்டேன்.

ஹுமாயூன்: வாய்ல முத்தா உதிந்துரும்?

வால்டர்: தப்புன்னு வோணா சொல்றேன். இனிமே பண்ணமாட்டேன்னு எப்டிடா...

ஹுமாயூன்: எப்டின்னா?

வால்டர்: ஒண்ணியுமில்ல. நூலக் குடு.

ஹுமாயூன்: இரு... ஃபைனல்ல, எதிர் காலேஜ் குமாரவேல் கைய பின்னால முறுக்கிப் புட்ச்சிகினு கீற. ரெஃபரி விசில் ஊதறாரு. நீ வுடல. மறுக்கா ஊதறாரு. வுடல. அவன் தோளு எறங்கிப் போச்சி. ஜனம் பூரா பொறுக்கி, பொறுக்கின்னு கத்துது. உன்னிய வெளிய அனுப்பிச்சாங்க, ஷீல்டும் பூட்ச்சி...

வால்டர்: நான் அங்கதான் இருந்தேன். எனுக்கே கதை சொல்லிகினு கீற.

ஹுமாயூன்: ஏன்டா வுடலன்னு கேட்டேன். கோவம் வந்திச்சின்னு சொன்ன.

வால்டர்: வந்திச்சி.

ஹுமாயூன்: உனுக்கு? காசிமேட்ல ஒரு கய்தே உன் கால் மேல சைக்கிள ஏத்தனான். அவனத் தூக்கி நிறுத்தி, அடிபட்டுச்சாண்ணேன்னு கேட்டவன் நீ.

வால்டர்: அது ரோடு. இது மெத்த. குஸ்தில நான் வேற ஆளு.

ஹுமாயூன்: இந்த உதாரெல்லாம் ரஷீதாண்ட காட்டு... செரி, வுடு. நீ அப்டியே சொவத்தப் பாத்து குந்திகினு அந்த ஓரத்தத் தையி. நான் உன் பின்னால நின்னு மெத்தய மிதிச்சிக்கறேன்.

வால்டர்: நல்லா மிதி. நழுவுது.

ஹுமாயூன்: வால்டரு...

ஹுமாயூன்: டேய், வால்டரு.

ஹுமாயூன்: உன் சொக்கா மேல தேளு ஏறிகினு கீதுடா.

ஹுமாயூன்: தேளுடா! கழுத்தாண்ட வந்துடுச்சி!

வால்டர்: இந்தப் பக்கம் ரெட்டத் தையல் போடணும் போல... இன்னாடா? ஏன் அப்டி பாக்கற?

ஹுமாயூன்: எப்பலேந்து கேக்கல?

வால்டர்: இன்னா கேக்கல?

ஹுமாயூன்: காது.

வால்டர்: ...ஜல்பு. கடல் காத்து. ரெண்டு நாளா அடைச்சிகினு...

ஹுமாயூன்: ரெண்டு நாளாவா? போன வருசத்துலேந்தா?

வால்டர்: கத்தாதடா. வெளிய பசங்க ஓடிகினு கீறானுங்க.

ஹுமாயூன்: நான் கத்தல. மெதுவாத்தான் பேசறேன். உனுக்கு அதுவும் தெர்ல பாரு. சொல்லுடா. என்னாண்ட சொல்லாம வேற யாராண்ட சொல்லப் போற?

வால்டர்: ...எடது காது சுத்தமா இல்ல. வலதுல கொஞ்சம் வரும். ஆளு மூஞ்சியப் பாத்துகினு இருந்தா சமாளிச்சிக்குவேன்.

ஹுமாயூன்: எப்டி ஆச்சி?

வால்டர்: லீவுக்கு ஹார்பர்ல கப்பல் வேலைக்குப் போனேன்ல? தொட்டிக்குள்ள எறங்கி துரு தட்டணும். சுத்தியும் இரும்பு. எல்லாரும் ஒண்ணா சுத்தியால அடிப்பாங்க. சாயங்காலம் மேல வந்தா காதுக்குள்ள குய்யின்னு இருக்கும். காலைல செரியாப் பூடும். ஒரு நாளு அந்த குய்யி நிக்கல... அப்பால ஒவ்வொரு சத்தமா கொறஞ்சிகினே வந்திச்சி. கோயில் மணி, எங்கம்மா கூப்படறது...

ஹுமாயூன்: விசிலு.

வால்டர்: விசிலு.

ஹுமாயூன்: அதுக்குத்தான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட் பெஞ்சியா? நான் படிக்கறன்னு நெனச்சி பேஜாராயிட்டேன்டா.

வால்டர்: சிரிப்பு வருது, ஆனா சிரிக்க முடில.

ஹுமாயூன்: அன்னிக்கே காது கேக்கலன்னு சொல்லியிருந்தா எவனாவது பொறுக்கின்னு சொல்லியிருப்பானா?

வால்டர்: பொறுக்கின்னா நாலு பேரு ஒதுங்கிப் போவான். செவிடன்னா பின்னால நின்னு கூப்ட்டுக் கூப்ட்டு சிரிப்பான். எது பெட்டர், நீயே சொல்லு. அது மட்டுமில்லடா. குஸ்தில நல்லா பண்ணா ரயில்வேல எடுக்கறாங்க. எங்கம்மா அந்த வேலைய நம்பிகினுதான் தங்கச்சி ஃப்ளோரன்ஸுக்கு மாப்ள பாத்துகினு கீது. காது போச்சின்னு தெரிஞ்சா வேல எங்க வரும்?

ஹுமாயூன்: மெடிக்கல்ல பாப்பாங்கல்ல?

வால்டர்: பாப்பாங்க.

ஹுமாயூன்: அப்ப எப்டியும்...

வால்டர்: தெரியும்டா. எனுக்குத் தெரியாதா? எத்தினி நாளு டபாய்க்க முடியுமோ அத்தினி நாளுன்னு இருந்தேன்.

ஹுமாயூன்: டபாய்க்கறவன் குஸ்திக்கு வந்திருக்கணும். நீ ஏன் வரல?

வால்டர்: இன்னொருத்தன் தோளு எறங்கறதுக்கா? விசில் அடிச்சாச்சி, அவன் துடிக்கறான்... நான், ஆளு இன்னும் திமிர்றான்னு இன்னும் அழுத்தறேன்டா. ரெஃபரி வந்து என் முடியப் புடிச்சி இஸ்தாரு. அப்பத்தான் குமாரவேல் மூஞ்சியப் பாத்தேன். அவன் வாய் தொறந்து கீது. கத்திகினு கீறான். எனுக்கு ஒரு சத்தமும் வரல.

ஹுமாயூன்: மாமு...

வால்டர்: வுடு. ஊசியக் குடு.

ஹுமாயூன்: குடுக்கமாட்டேன். கேளு. என் மூஞ்சியப் பாத்து கேளு. விசில் ஊதறப்போ ரெஃபரி உன் தோள்ல பளார்னு ஒண்ணு தட்டணும். நீ வுட்ரணும். அவ்ளோதான்.

வால்டர்: ஒத்துக்குவாங்களா?

ஹுமாயூன்: கேக்கலாம். இன்னிலேந்து நம்ம பசங்களும் அப்டியே தட்டிப் பழவட்டும். ராயபுரத்துலேந்து திருவொத்தியூர் வரைக்கும் மணல்ல ஓடறோம், கயிறு ஏறறோம். இது ஒரு வேலையா? நீ தூங்கறப்போ தட்டனாக்கூட கைய வுடற அளவுக்குப் பழக்கிர்றேன்.

வால்டர்: ஆனா எல்லாருக்கும் தெரியும்.

ஹுமாயூன்: தெரியும்.

வால்டர்: வேல...

ஹுமாயூன்: அதுக்கு என்னாண்ட பதில் இல்ல வால்டரு. கீதுன்னு பொய் சொல்லமாட்டேன். யோசிச்சி சொல்லு. அவசரமில்ல.

வால்டர்: யோசிக்க இன்னா கீது? வேல மெடிக்கல்ல எப்டியும் போவும். அதுக்கு பயந்துகினு குஸ்தியயும் வுட்டா எனுக்கு இன்னாடா மிச்சம்? மாஸ்டராண்ட நானே சொல்றேன். எல்லார் எதிர்லயும், என் வாயாலயே. நீ நடுவுல பூந்து பேசக்கூடாது.

ஹுமாயூன்: பேசமாட்டேன்.

வால்டர்: பாவம்னு எவனாவது கை போடாம நின்னான், அவனத்தான் மொதல்ல தூக்கிப் போடுவேன்.

ஹுமாயூன்: ரஷீதயா?

வால்டர்: ரஷீது ஏற்கெனவே அழுதுகினுதான் கீறான்... ஹுமாயூனு.

ஹுமாயூன்: இன்னா?

வால்டர்: குமாரவேலாண்ட மன்னிப்பு கேக்கணும்டா. அன்னிக்கப்பால நான் அவனப் பாக்கவேயில்ல. நீ கூட வரியா?

ஹுமாயூன்: பாக்கவேயில்ல?

வால்டர்: ...எங்க பாக்கறது? அவன் மீஞ்சூரு. நான் ராயபுரம்.

ஹுமாயூன்: டேய், டேய்... உன் காது மேட்டர என்னாண்ட சொன்னதே அவன்தான்டா. உன் வாயால வரட்டும்னுதான் தெரியாத மாதிரி தேளு கதை வுட்டேன். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறேன்னு வூட்ல சொல்லிட்டு, நீ மீஞ்சூர் ரயிலு ஏறிப் போனது எனுக்குத் தெரியாதா? அவன் கை கட்டுல இருந்த வரைக்கும் வாராவாரம் போயி, அவங்க கெணத்துல தண்ணி எறச்சி, மாட்டுக்கு ஊத்திட்டு, ஒரு வார்த்த பேசாம வந்துகினு இருந்தியாமே! பின்னால நின்னு போதும்டா, போதும்டான்னு கூப்ட்டானாம். நீ திரும்பாம எறச்சிகினே இருந்தியாம். அன்னிக்கே அவனுக்குப் புரிஞ்சி போச்சி. ரெஃபரியாண்ட தோள்ல தட்டச் சொல்லி ஒத்துக்க வச்சதும் அவன்தான்... அவன் தோளு செரியாயிடுச்சி. எழுபத்திநாலு கிலோல மொத குஸ்தி உன் கூடதான் வோணும்னு கேட்டு வாங்கிகினு கீறான்.