நாய்க்குக் கேட்ட சுரம்

பியானோக்களின் பிணி தீர்த்த பெருந்தகையே, செவியையே செல்வமெனக் கொண்ட எங்கள் சீர்மிகு அக்காவே, நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் பட்டறைத் தோழர்களின் பணிவார்ந்த வணக்கம்.

பிறர் வீட்டுக் கூடங்களிலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தவர் நீங்கள். வீட்டுக்காரர் வரவேற்குமுன் அவர் வளர்க்கும் பிராணி உங்களை வரவேற்கும். பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றியபோது கால்மிதிகளின் பின்னே குட்டி போட்டுக் கிடந்த பூனையிடம் கீறல் வாங்கிக்கொண்டே, குட்டிகளைக் கூடைக்கு மாற்றினீர்கள். நீங்கள் தட்டிய சுரத்தைக் கூண்டுக்கிளி சற்றே இறக்கிப் பாட, "இதுக்கும் சேத்து சுருதி கூட்டணுமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டீர்கள். கெண்டைக்காலில் நாய்ப்பல் தடத்தோடு நொண்டி வந்த அன்றும், "அது வீட்ட அது காக்குது, என் வேலைய நான் பாத்தேன்" என்றீர்களே தவிர முகம் சுளிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது சொல்ல இனிக்காதது. ஆயினும் அதை விட்டுவிட்டால் இம்மடல் வெறும் முகத்துதியாகிவிடும்.

சென்ற மழைக்காலத்தில் பல்மருத்துவர் வீட்டுக்குப் போனீர்கள். அங்கிருந்த கிழட்டுப் பழுப்பு நாய் உங்கள் முக்காலியருகே வந்து படுத்துக்கொண்டது. கீழ்ச்சுரங்களை முடித்து வலக்கோடியிலுள்ள மேல்சுரங்களுக்கு வந்தபோது மரம் தட்டும் சத்தம் மட்டுமே கேட்டது, சுரம் எழவில்லை. தந்தியை அடிக்கும் சுத்தியலின் கம்பளி தேய்ந்திருக்குமென்று மேற்பலகையைக் கழற்றிப் பார்த்தீர்கள். கம்பளி பழுதில்லாமல் இருந்தது, தந்தியும் முறுக்காக இருந்தது. மீண்டும் தட்டினீர்கள். நாயின் காது நிமிர்ந்தது. சுத்தியல் தந்தியைத் தொடாதபடி கட்டையை மெல்ல அழுத்தினீர்கள், நாய் அசையவில்லை. ஓங்கித் தட்டினீர்கள், காது மறுபடி நிமிர்ந்தது.

வீட்டம்மா வந்து, "முடிஞ்சுதாங்க?" என்று கேட்டார். ஒப்பேற்றிவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.

"இல்லம்மா. மேல் சுரமெல்லாம் உங்க நாய்க்குக் கேக்குது, எனக்குக் கேக்கல. வேற ஆள அனுப்புறேன்."

பட்டறைக்குத் திரும்பித் தந்தி முறுக்கும் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னபோது, வழக்கமான கேலியென்று நாங்கள் சிரித்தோம். மிச்சமிருக்கும் செவிப்புலனும் மெல்ல மெல்லப் போய்விடுமென்று காது மருத்துவர் சொன்ன பிறகே அது கேலியில்லையென்று எங்களுக்குப் புரிந்தது.

விட்ட வேலையை முடிக்க எங்களில் ஒருவன் போனான். வேண்டாமென்று தடுத்தும் கேளாமல் நீங்களும் உடன்சென்று அந்த நாயருகே தரையில் அமர்ந்தீர்கள். கடைசிச் சுரத்தைக் கூட்டி முடித்தவன், பழக்கதோஷத்தில், "சரியா இருக்காக்கா?" என்று திரும்பினான். நீங்கள் நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"உன் காதுக்குச் சரின்னா சரிதான். இனிமே என்னக் கேக்காதடா."

அவன் பலகையை மாட்டும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா, எஞ்சிய ஒலி உங்களோடு நெடுநாள் தங்கட்டும். அது தங்காமற்போனாலும் உடல் நலிவின்றி, உள்ளம் ஒடுங்காது நீங்கள் நீடு வாழ வேண்டும். இதை உரக்கத்தான் வாசிக்கிறோம். காதுக்கு எட்டாத வரிகளை, இம்மடலை வீட்டுச் சுவரில் மாட்டி நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
பட்டறைத் தோழர்கள்